ஆட்டுக்கும் அதே வியாதி

இசக்கிமுத்து அண்ணாச்சியின் தொடையில் இரண்டாவது தடவை கத்தி வைக்க வேண்டி வந்ததற்குக் காரணம் நான்தான். சர்ஜன் இல்லை, பெரிய டாக்டர் இல்லை, நைட்ரஜன் கேன் கொண்டுவந்த சுப்பையா அண்ணாச்சியும் இல்லை. அவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தார்கள், அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் லேப் டெக்னீசியனாக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனவள் நான். இதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால் நைசாக நழுவிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் வேண்டிய மட்டும் இருக்கிறது. இது அதில் இல்லாதது.

1. அரை மணி நேரப் படிப்பு

எனக்கு மேலப்பாளையம். பெயர் மைமூன். வேலை பார்த்தது பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், ஹிஸ்டோபேத்தாலஜி பிரிவில். ஆபரேஷனில் வெட்டி எடுக்கிற பித்தப்பை, கர்ப்பப்பை, குடல்வால் எல்லாம் ஃபார்மலினில் மிதந்துகொண்டு எங்களிடம் வரும். அவற்றை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு, கண்ணாடி ஸ்லைடாக டாக்டரிடம் கொடுப்போம். ஃபார்மலினில் கிடக்கிற பித்தப்பைக்கு அவசரமே கிடையாது. நீங்கள் டீ குடித்துவிட்டு வரலாம், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டும் வரலாம். அது பாட்டுக்குக் கிடக்கும்.

இப்படி நிம்மதியாக இருந்த எங்கள் லேபுக்கு கிரையோஸ்டாட் என்று ஒரு மெஷின் வந்தது. உள்ளே கத்தி வைத்த ஃப்ரிட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தசை வியாதிகளை இனிமேல் நாமே கண்டுபிடிக்கலாம், மதுரைக்கும் சென்னைக்கும் அனுப்ப வேண்டாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. எங்கள் பேத்தாலஜி தலைமை டாக்டரை இரண்டு வாரம் பெங்களூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்போம். சென்னைக்காரர், கெட்டிக்காரர், கொஞ்சம் விளம்பரப் பிரியர். போனவர் ஒரு சர்ட்டிஃபிகேட்டோடும் புதுக் கண்ணாடியோடும் திரும்பி வந்தார். இரண்டு வாரத்தில் கற்றதை எனக்கு அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தார்.

விஷயம் இதுதான். தசை வியாதி என்று சந்தேகம் வந்தால் தொடையிலோ புஜத்திலோ ஒரு துண்டு சதை எடுப்பார்கள். அதை ஃபார்மலினில் போடக் கூடாது; போட்டால் உள்ளே இருக்கிற என்சைம் எல்லாம் செத்துப்போகும். பச்சையாகவே கொண்டுவந்து, கண் மூடித் திறப்பதற்குள் உறைய வைக்க வேண்டும். அதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். ஆனால் நைட்ரஜனில் நேரே போட்டால் சதையைச் சுற்றி ஆவி போர்வை மாதிரி மூடிக்கொள்ளும், குளிர் சட்டென்று உள்ளே போகாது. அதனால் ஒரு ஸ்டீல் டம்ளரில் ஐசோபென்டேன் என்கிற திரவத்தை ஊற்றி, அந்த டம்ளரை நைட்ரஜனுக்குள் தொங்கவிட வேண்டும். ஐசோபென்டேன் குளிர்ந்து குளிர்ந்து, டம்ளரின் அடியில் ஜவ்வரிசி போல வெள்ளை மணி கட்டும். அதுதான் அடையாளம். அப்போது சதையை முக்கினால் நொடியில் உறைந்துவிடும்.

“மெதுவா உறைஞ்சா என்ன சார் ஆகும்?” என்று நான் கேட்டேன்.

“சதைக்குள்ள இருக்கிற தண்ணி ஐஸா வளரும். ஃபைபரைக் குத்திக் கிழிச்சிடும். அப்புறம் ஸ்லைடுல பார்த்தா ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். அது ஆர்டிஃபேக்ட். அதாவது வியாதி இல்ல, நம்ம தப்பு” என்றார்.

இந்த வாக்கியத்தை அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவருக்குத்தான் மறந்துபோனது.

2. மாட்டுக்குப் போக மிச்சம்

திருநெல்வேலியில் திரவ நைட்ரஜன் யாரிடம் இருக்கும்? மாட்டு டாக்டர்களிடம். காளையின் விந்தை உறைய வைத்துச் சின்னச் சின்னக் குழாய்களில் அடைத்து, நைட்ரஜன் கேனில்தான் வைத்திருப்பார்கள். பசுவுக்கு ஊசி போடும்போது அதிலிருந்து ஒன்றை எடுப்பார்கள். அந்தக் கேன்களுக்கெல்லாம் நைட்ரஜன் ஊற்றிக்கொண்டு மாவட்டம் முழுக்க ஒரு சின்ன வேனில் சுற்றுகிறவர் சுப்பையா அண்ணாச்சி. நிர்வாகம் அவரிடம் பேசி, போகிற வழியில் எங்களுக்கும் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போகச் சொல்லியிருந்தது.

முதல் நாள் வந்தபோதே என்னிடம் கேட்டார்.

“மனுசங்களுக்கும் ஊசிதான் போடுதியளா?”

“இல்ல அண்ணாச்சி, இது சதைய உறைய வைக்க.”

“எனக்கென்ன வே, எதுக்குன்னாலும் போடுங்க. ஆனா ஒண்ணு, மாட்டுக்குப் போக மிச்சந்தான் மனுசனுக்கு. பொறவு என்னையக் கொற சொல்லப்பிடாது.”

ஆண்களை மட்டும்தான் ‘வே’ போடுவார்கள் எங்கள் ஊரில். அவர் என்னையும் போடுவார். பாதி நாளும் மாட்டோடு பேசுகிற மனிதரிடம் இலக்கணம் எதிர்பார்க்க முடியுமா என்று விட்டுவிட்டேன்.

3. சீப்பைத் தூக்க முடியாதவர்

இசக்கிமுத்து அண்ணாச்சிக்கு ஊர் களக்காடு. அங்கே வாழைத்தார் மண்டியில் லோடுமேன். நாற்பத்தாறு வயது. உள்ளே நுழைந்ததுமே ஆஸ்பத்திரிக் கட்டில் சின்னதாகத் தெரிகிற உடம்பு. ரத்தம் எடுக்க நான்தான் வார்டுக்குப் போனேன், அன்றைக்கு அந்தப் பிரிவில் ஆள் குறைவு.

“யக்கா, நான் தூக்காத தாரு கெடையாது. ரெண்டு தோளுலயும் ரெண்டு வச்சிக்கிட்டு லாரிப் பலகையில ஓடுவேன். இப்ப என்னன்னா சீப்பத் தூக்க முடியல. வாழச் சீப்பு இல்ல, தல சீவுத சீப்பு” என்றார்.

அவர் மனைவி பேச்சியம்மா பக்கத்தில் நின்றாள். “ஆறு மாசமாச்சி. கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல. படி ஏற முடியல. மண்டியில உள்ளவனெல்லாம் குடிச்சுட்டுக் கெடக்கான்னு சொல்லுதானுவ. இவரு குடிச்சா நான் சும்மா விடுவனா?”

“விட மாட்டா” என்றார் அண்ணாச்சி.

அவர்களுக்கு ஒரே மகள், முத்துலெட்சுமி. காலேஜில் முதல் வருஷம். அப்பாவின் சட்டைப் பித்தானைப் போட்டுவிடுவது, தலை சீவிவிடுவது எல்லாம் அவள்தான்.

நரம்பியல் டாக்டர் கிரேஸ் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளவயதுதான், ஆனால் அசராத ஆள். ரத்தத்தில் சி.பி.கே. என்று ஒரு பரிசோதனை உண்டு. தசை அழிந்தால் அது ஏறும். அண்ணாச்சிக்கு ஏறின ஏற்றத்தில் எங்கள் மெஷின் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு நின்றுவிட்டது.

“தசையில அழற்சின்னுதான் நெனைக்கேன் அக்கா. அப்படின்னா ஸ்டீராய்டு குடுத்தாக் கேக்கும்” என்றார் டாக்டர் கிரேஸ் என்னிடம். “ஆனா இவருக்குச் சுகர் இருக்கு. ஸ்டீராய்டு குடுத்தா அது எகிறிரும். உறுதியாத் தெரியாம நான் தொட மாட்டேன். பயாப்சிய நல்லாச் செஞ்சு குடுங்க.”

நல்லாச் செஞ்சு குடுங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான்தான் கேட்டுக்கொண்டேன்.

4. சனிக்கிழமை

சனிக்கிழமை பதினோரு மணிக்கு சுப்பையா அண்ணாச்சி வருவதாகப் பேச்சு. பன்னிரண்டுக்கு பயாப்சி. பதினொன்றே முக்கால் ஆகியும் ஆளைக் காணோம். பன்னிரண்டேகாலுக்கு வந்தார், சட்டை எல்லாம் வியர்த்து ஒட்டிக்கொண்டு.

“வண்ணார்பேட்டையில ஒரு லாரி மறிச்சிக்கிட்டு நிக்கி. வெயிலுல ஒரு மணிக்கூரு நின்னேன். கேன் மூடி வேற சரியில்ல, பாதி ஆவியாப் போச்சி.”

ஊற்றினார். தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்திருந்த பாத்திரத்தில் நாலு விரல் உயரம்கூட வரவில்லை.

“இம்புட்டுதானா அண்ணாச்சி? இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க.”

“வள்ளியூருக்குப் போணும்லா? அங்கன மாடு காத்துக்கிட்டு நிக்கும்.”

மாட்டைக் காக்க வைக்க அவருக்கு மனம் இல்லை. போய்விட்டார்.

அதே நேரத்தில் ஆபரேஷன் தியேட்டரில் இருந்து சதை வந்துவிட்டது. நான் கேட்டிருந்தது நெல்லிக்காய் அளவில் இரண்டு துண்டு. சர்ஜன் கொடுத்தது புளியங்கொட்டை அளவில் ஒன்று. அதைச் சுற்றிய காஸ் துணியை லேசாக நனைத்தால் போதும். தியேட்டர் நர்ஸ் பாசத்தோடு சலைனில் ஊற வைத்து அனுப்பியிருந்தாள். எடுத்தபோது சொட்டியது. ஈரச் சதை உறையும்போது ஐஸ் இன்னும் அதிகமாகக் கட்டும். எனக்குத் தெரியும். வடிகட்டும் தாளில் ஒற்றி எடுத்தேன், நிதானமாக ஒற்றவில்லை.

டம்ளரைத் தொங்கவிட்டேன். நைட்ரஜன் குறைச்சல், டம்ளரின் அடி மட்டும்தான் நனைந்தது. வெள்ளை மணி கட்டுமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஐசோபென்டேன் பெட்ரோல் மாதிரி நாறிக்கொண்டு சும்மா இருந்தது. போன் அடித்தது. பெரிய டாக்டர்.

“மைமூன், ஆச்சா?”

“இன்னும் கொஞ்சம் குளிரணும் சார்.”

“சதை காஞ்சிடும். ரெண்டு நிமிஷத்துல முடிங்க.”

டம்ளருக்குள் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. மணி கட்டவில்லை. கட்டின மாதிரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முக்கினேன். சாதாரணமாகச் சதை பட்டென்று வெளுக்கும். அன்றைக்குப் பைய, யோசித்து யோசித்து வெளுத்தது. மூடிபோட்ட டப்பாவில் பெயர் எழுதி, உறைபெட்டியில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டேன்.

5. அபூர்வ வியாதி

திங்கட்கிழமை காலையில் கிரையோஸ்டாட்டில் வைத்துச் சீவினேன். சீவின சதை கத்தியில் ஒழுங்காக விழாமல் பொடிந்து பொடிந்து வந்தது. ஒரு மாதிரி ஒப்பேற்றி, வழக்கமான சாயங்கள் எல்லாம் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

பத்து நிமிஷத்தில் பெரிய டாக்டர் அறையில் இருந்து சத்தம்.

“மைமூன்! இங்க வாங்க! என்ன அழகு பாருங்க!”

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சதை நார்கள் குறுக்கே வெட்டின வாழைத்தண்டு போல அடுக்கடுக்காக இருக்க வேண்டும். இங்கே நாருக்கு நார் ஓட்டை. ஆப்பத்தை நடுவில் கிள்ளி எடுத்து வைத்த மாதிரி.

“வேக்குவோலார் மயோபதி” என்றார். நாருக்குள் குமிழி விழுகிற பரம்பரை வியாதி. “ரொம்ப ரேர். நம்ம லேப்ல மூணாவது மசில் பயாப்சியே இப்படி வந்திருக்கு. கான்ஃபரன்ஸ்ல பேப்பர் போடலாம். டெக்னிக்ல உங்க பேரையும் சேர்க்கிறேன்.”

எந்த டெக்னிக்கில் என் பெயர் சேரும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் வாய் வரவில்லை.

என் மேஜைக்குத் திரும்பி மற்ற ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உண்மையான குமிழி என்றால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். சர்க்கரைச் சத்து சேர்ந்திருந்தால் ஒரு சாயத்தில் சிவக்கும், கொழுப்பு சேர்ந்திருந்தால் இன்னொன்றில் சிவக்கும். இந்த ஓட்டைகளில் எந்தச் சாயத்திலும் எதுவும் இல்லை. வெறும் ஓட்டை. விளிம்பில் குறைவு, நடுவில் அதிகம். குளிர் எங்கே தாமதமாகப் போனதோ அங்கே. புளியங்கொட்டைத் துண்டில் ஏறக்குறைய எல்லாமே தீர்ந்துவிட்டது. கெட்டுப்போன துண்டை உருக்கி, வேகமாக மறுபடி உறைய வைத்தால் சில சமயம் சரியாகும் என்று பின்னால் படித்தேன். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் உருக்குவதற்கு மிச்சம் இல்லை.

போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். அவர் போனில் யாரிடமோ, “ஆமா, நம்ம லேப்லதான்” என்று சிரித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்துவிட்டேன். சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால், “எனக்கே பாடமா?” என்பார். ஆதாரத்தோடு போவோம் என்று முடிவு செய்தேன். அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

அன்று மாலையே டாக்டர் கிரேஸுக்கு வாய்மொழி ரிப்போர்ட் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை காலை அவர் குடும்பத்தை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்: இது பரம்பரையாக வருகிறது, இதற்கு மருந்து கிடையாது, உடற்பயிற்சி சொல்லித் தருவோம், மகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம்.

6. மேலப்பாளையத்து ஆடு

புதன்கிழமை சுப்பையா அண்ணாச்சியின் முறை. காலையில் எங்கள் தெருக் கறிக்கடையில், அப்போதுதான் அறுத்த ஆட்டின் தொடையில் ஒரு துண்டு கேட்டேன்.

“ஒரு துண்டா? கால் கிலோ போடட்டா?”

“புளியங்கொட்ட அளவுல நாலு போதும்.”

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “லாத்தா, வீட்டுல எலி வளக்குதியளா?”

சுப்பையா அண்ணாச்சி அன்றைக்கு நேரத்தோடு வந்தார், கேனும் நிறைய இருந்தது. இரண்டு துண்டை வெள்ளை மணி கட்டின பிறகு முறைப்படி முக்கினேன். இரண்டு துண்டைச் சலைனில் ஊற வைத்து, சனிக்கிழமை செய்தது போலவே அரைகுறைக் குளிரில் முக்கினேன். சீவி, சாயம் போட்டுப் பார்த்தேன். முறைப்படி செய்த ஆடு கோலம் போட்ட மாதிரி இருந்தது. மற்ற ஆட்டில் இசக்கிமுத்து அண்ணாச்சியின் வியாதி அச்சு அசலாக இருந்தது.

அப்போதும் போனேனா? இல்லை. நாளைக்கு இன்னொரு ஆடு வாங்கி இன்னொரு தடவை செய்து பார்த்துவிட்டுப் போவோம், ஆதாரம் பலமாக இருக்கும் என்று நினைத்தேன். டீ குடிக்க கேண்டீனுக்கு நடந்தேன்.

வார்டுக்கு வெளியே வராண்டாவில் முத்துலெட்சுமி தனியாக இருந்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையை ஊன்றாமல் எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். எழுந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்ததும் தாவணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

“என்னட்டி செய்யுத?”

“ஒண்ணுமில்லக்கா. எத்தன தடவ எந்திரிக்க முடியுதுன்னு பாக்கேன். நேத்து முப்பது. இன்னைக்கு இருவத்தாறுலயே கால் நடுங்குது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சாம்.”

இருபத்தாறு தடவை சம்மணம் போட்டு எழுந்தால் என் கால் கழன்றே விழுந்துவிடும். அதைக்கூட நான் அவளிடம் சொல்லவில்லை. டீயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில், அந்த உடம்பை வைத்துக்கொண்டு, வராண்டாவில் ஓடினேன்.

ஆட்டு ஸ்லைடை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு நின்றேன். அவர் குனிந்து பார்த்தார்.

“ஆஹா! இது இன்னும் நல்லா வந்திருக்கே. போட்டோவுக்கு இதையே வெச்சுக்கலாம். அதே பேஷண்டோட சதைதானே?”

“இல்ல சார்.”

“பின்னே?”

“மேலப்பாளையத்து ஆடு சார்.”

அவர் தலையைத் தூக்கவில்லை. ஐபீஸில் கண்ணை வைத்தபடியே இருந்தார். பிறகு அப்படியே கேட்டார்.

“என்ன சொல்றீங்க?”

“காலையில கறிக்கடையில வாங்கின ஆடு. குளிர் பத்தாம உறைய வச்சேன். ஆட்டுக்கும் அதே வியாதி வந்திட்டு. சனிக்கிழமை நைட்ரஜன் கொறவு சார், துணி வேற சொட்டச் சொட்ட வந்துச்சி. மணி கட்டுததுக்கு முன்ன நான் முக்கிட்டேன். அது வியாதியில்ல. ஐஸ்.”

அவர் நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை.

“எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?”

“திங்கட்கிழமை.”

“இன்னிக்கு என்ன கிழமை?”

அதன் பிறகுதான் கத்தினார். கதவு திறந்தே இருந்தது, பயோகெமிஸ்ட்ரிப் பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நன்றாகக் கேட்டார்கள். ஐந்து நிமிஷம் இருக்கும். மூச்சு வாங்கினதும் மேஜையில் இருந்த கான்ஃபரன்ஸ் தாளை எடுத்து இரண்டாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு தாழ்ந்த குரலில், “ஓட்டைக்குள்ள ஒண்ணும் இல்லைங்கிறதை நானும் பார்த்திருக்கணும்” என்றார். உடனே டாக்டர் கிரேஸுக்குப் போன் போட்டார்.

7. இந்தத் தொடை

டாக்டர் கிரேஸ் என்னை முறைத்தார், திட்டவில்லை. “வாங்க அக்கா, சேர்ந்தே போய்ச் சொல்லுவோம். நேத்து நான் தனியாப் போய்ச் சொன்னதே போதும்” என்றார்.

வார்டில் மூன்று பேரும் இருந்தார்கள். டாக்டர் பேசுவதற்கு முன்னால் நான் பேசிவிட்டேன்.

“அண்ணாச்சி, ஒங்க சதையில ஓட்ட இல்ல. அந்த ஓட்ட நான் போட்டது. ஒறைய வைக்கும்போது தப்புப் பண்ணிட்டேன். பரம்பரை வியாதின்னு சொன்னது அத வச்சித்தான்.”

பேச்சியம்மாதான் எழுந்தாள்.

“வெளையாடுதியளா நீங்க? ரெண்டு நாளா எம்புள்ள ஒரு வாய்ச் சோறு திங்கல. எங்க குடும்பத்துல யாருக்கு இருந்துச்சி, ஒங்க குடும்பத்துல யாருக்கு இருந்துச்சின்னு நானும் இவரும் செத்தவங்களையெல்லாம் தோண்டி எடுத்துச் சண்ட போட்டிருக்கோம். ஒங்களுக்கு இது ஒரு துண்டுச் சத. அம்புட்டுதான!”

நான் நின்றேன். நிற்பதைத் தவிர செய்வதற்கு ஒன்றும் இல்லை.

முத்துலெட்சுமி கேட்டாள். “அப்ப எனக்கு வராதாக்கா?”

வராது என்று சொல்லத் துடித்தது வாய். டாக்டர் கிரேஸ் முந்திக்கொண்டார். “வரும்னு நெனைக்க இப்ப எந்தக் காரணமும் இல்லம்மா. இன்னொரு தடவ எடுத்துப் பாத்துட்டு உறுதியாச் சொல்லுதேன்.”

“இன்னொரு தடவையா?” என்றார் அண்ணாச்சி. எல்லோரும் அவரைப் பார்த்தோம். கையால் தூக்கி இடது காலை நகர்த்திவிட்டு, வலது தொடையைத் தட்டினார். “இந்தத் தொடையில எடுங்க. ஆனா யக்கா, கறிக்கடையில கூட ஒரு ஆட்ட ஒரு தடவதான் வெட்டுவான்.”

ஆட்டைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. டாக்டர் கிரேஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாவது பயாப்சிக்கு நானே தியேட்டர் வாசலில் போய் நின்றேன். காஸ் துணியை நானே நனைத்து, நானே பிழிந்தேன். சர்ஜனிடம் நெல்லிக்காய் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டி, இந்த அளவு என்றேன்; சிரித்துக்கொண்டே இரண்டு துண்டு கொடுத்தார். ஒரு துண்டை உறைய வைக்க; உறைவது தவறினாலும் அழற்சியாவது தெரியட்டும் என்று இன்னொன்றை ஃபார்மலினில் போட. சுப்பையா அண்ணாச்சியிடம் முதல் நாளே நிலவரத்தைச் சொல்லியிருந்தேன். “ஒரு மனுசனுக்கு ரெண்டு தடவையா? சரி, இன்னைக்கு மாடு நிக்கட்டும்” என்று நிறைத்துவிட்டுப் போனார்.

பெரிய டாக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். டம்ளரைப் பார்த்தோம்.

“போடலாமா?”

“பொறுங்க சார்.”

பொறுத்தார். அடியில் வெள்ளை மணி கட்டியது, மேலும் கட்டியது. முக்கினேன். சதை பட்டென்று வெளுத்தது.

ஸ்லைடில் ஒரு ஓட்டை இல்லை. நார்களுக்கு நடுவே கருநீலப் புள்ளிகள் மொய்த்துக்கொண்டிருந்தன, சில நார்களின் உள்ளேயே நுழைந்திருந்தன. உடம்பைக் காக்க வேண்டிய ரத்த அணுக்களே தசையைத் தாக்குகிற அழற்சி. பாலிமயோசைடிஸ். டாக்டர் கிரேஸ் முதலில் நினைத்ததேதான். மருந்து உண்டு.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சுகர் எகிறியது, இன்சுலின் போட்டு அடக்கினார்கள். முகம் உப்பியது. இரண்டு மாதத்தில் கையை ஊன்றி எழுந்தார், ஐந்தாவது மாதம் ஊன்றாமல் எழுந்தார். பழைய பலம் முழுக்க வரவில்லை. லாரிப் பலகையில் ஓடுகிற வேலையை விட்டுவிட்டு, மண்டியிலேயே தார்களைத் தரம் பிரிக்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். செக்கப்புக்கு வந்த ஒரு நாள், தன் சதையைத் தானே பார்க்க வேண்டும் என்று லேபுக்கு வந்தார். இரண்டு ஸ்லைடையும் காட்டினேன். கருநீலப் புள்ளிகளைப் பார்த்து, “இந்த மூதிங்கதானா?” என்றார். ஓட்டை ஸ்லைடை ரொம்ப நேரம் பார்த்தார். “இது நல்லாத்தான் இருக்கு. இதுக்கு ஒங்க டாக்டர் மயங்குனதுல தப்பில்ல” என்றார். முத்துலெட்சுமி மைக்ராஸ்கோப் பக்கமே வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு, “அப்பா, பஸ்ஸு போயிரும்” என்றாள்.

8. ஆட்டைப் பாராட்டாதீர்கள்

இந்தக் கதையை ஜூனியர் பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் ஆட்டைத்தான் பாராட்டுவார்கள். “மேடம், கண்ட்ரோல் வச்சி ப்ரூவ் பண்ணிட்டீங்களே!” என்பார்கள். நானும் ரொம்ப நாள் அந்தப் பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது சொல்கிறேன், அது பயம். என் வாய் சொன்னால் எடுபடாது, ஆடு சொன்னால்தான் எடுபடும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலையில், பெரிய டாக்டர் அழகு அழகு என்று கூப்பிட்ட அந்த நிமிஷத்தில், “சார், சனிக்கிழமை நைட்ரஜன் சரியில்ல, எனக்குச் சந்தேகமா இருக்கு” என்று சொல்லியிருந்தால் ரிப்போர்ட் மேஜையை விட்டு நகர்ந்திருக்காது. ஆட்டைச் சாவகாசமாக வாங்கியிருக்கலாம். இரண்டாவது தடவை கத்தி வைத்ததற்கு அண்ணாச்சி என்னை மன்னித்துவிட்டார். அது கைத்தப்பு, யாருக்கும் வரும். அந்தப் பிள்ளை வராண்டாவில் உட்கார்ந்து எழுந்து எண்ணிக்கொண்டிருந்த இரண்டு நாள் கைத்தப்பு இல்லை. அதற்கு அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதும் இல்லை.

அதனால் பிள்ளைகளே, சாம்பிள் கெட்டுப்போய்விட்டது என்று தோன்றினால் கையைத் துடைத்துக்கொண்டு நேரே போய்ச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தாலும் சொல்லுங்கள். நிரூபிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டாக்டர் திட்டுவார். திட்டட்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாராலும் மூச்சு விடாமல் திட்ட முடியாது. நான் நின்று பார்த்திருக்கிறேன்.